குதிரை இல்லாத படம்

சுங்கை காடுட்
3 நவம்பர் 2024

சன்னாசி மாமா அவர்களுக்கு,

சுகுமாறன் எழுதுவது. உங்கள் மனைவி பஞ்சாலையின் தம்பி என்று சொன்னால்தான் நினைவு வரும் என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நாற்பத்தொரு வருடத்துக்குப் பிறகு எழுதும் கடிதத்தை நலம் விசாரித்துத் தொடங்க வேண்டும். ஆனால் அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

போன வாரம் சிரம்பானில் ஒரு மண்டபத்தில் என் படங்களை வைத்திருந்தார்கள். தொழிற்சாலையில் சாயம் கலக்கும் பிரிவில் வேலை பார்த்தவன், ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்ற பிறகு வரையத் தொடங்கினேன். வாழ்க்கையில் முதல் கண்காட்சி. அதில் ‘பந்தயம் பார்ப்பவர்கள்’ என்ற பெரிய படத்தின் மேல் யாரோ குங்குமம் வைத்துவிட்டார்கள். வலது பக்கம், சிவப்புக் குடை அருகே நிற்கும் பெண்ணின் நெற்றியில். தடிப்பாகப் பூசிய எண்ணெய் வண்ணம் முழுதாகக் காயவில்லை. குங்குமம் உள்ளே இறங்கி ஒட்டிக்கொண்டது.

மண்டபத்தைப் பார்த்துக்கொண்ட முகுந்தனைக் கேட்டேன். “ஒரு தாத்தா லா சார். வேட்டி, கறுப்புக் கண்ணாடி. டாய்லெட் எங்கன்னு கேட்டாரு, காட்டினேன். திரும்பிப் பாக்குறதுக்குள்ள இப்படிப் பண்ணிட்டுப் போயிட்டாரு” என்றான். வருகைப் புத்தகத்தைப் புரட்டினேன். ‘சன்னாசி, மண்டோர், செலாசி தோட்டம், பகாவ்.’ வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் பட்டத்தை நீங்கள் இன்னும் விடவில்லை. கருத்து எழுதும் இடத்தில், ‘குதிரை எங்கே?’

படத்தைப் போர்டிக்சனில் ஒரு ஹோட்டல் கேட்டிருக்கிறது. மாதக் கடைசிக்குள் குங்குமத்தை எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். சுத்தம் செய்யத் தெரிந்த ஆளை முகுந்தன் பிடித்துவிட்டான். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். என் மேல் உள்ள கோபத்தைப் படத்தின் மேலா காட்டுவது?

சுகுமாறன்


செலாசி தோட்டம், பகாவ்
10 நவம்பர் 2024

சுகுமாறனுக்கு,

கடிதம் வந்தது. ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்தார். கறுப்புக் கண்ணாடி நான் அழகுக்குப் போட்டதல்ல. கண் ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் கொடுத்தது. டாய்லெட் கேட்டது உண்மை. போகவும் செய்தேன். யாரையும் ஏமாற்றவில்லை என்று உன் முகுந்தனிடம் சொல்.

கோபம் இருக்கிறது. அது வேறு கணக்கு. கோபத்தில் செய்வதென்றால் ரப்பர் பால் வெட்டும் கத்தியோடு வந்திருப்பேன்.

நடந்தது இதுதான். சிரம்பான் ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டிவிட்டு வந்தேன். வேன் வர நேரம் இருந்தது. மண்டபத்தில் காற்றாடி ஓடியது, உள்ளே போனேன். வாசலில் உன் பெயரைப் பார்த்ததும் திரும்பியிருக்க வேண்டும். வெயிலாக இருந்தது.

எல்லாப் படத்தையும் தாண்டி அந்தப் பெரிய படத்துக்கு முன் வந்தேன். குதிரைப் பந்தயம் என்கிறாய், ஒரு குதிரை இல்லை. அத்தனை ஜனத்தில் ஒருவருக்கும் முகம் இல்லை. கண்ணுக்கு ஒரு தேய்ப்பு, வாய்க்கு ஒரு தேய்ப்பு. கிட்டப் போனால் வெறும் சாயக் கட்டி. புதுக் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று பயந்து பின்னால் வந்தேன். பின்னால் வரவர ஜனம் அசைந்தது. குடை விரிந்தது. யாரோ யாரையோ இடித்தார்கள். எல்லாரும் இடது பக்கம் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்க, ஒருத்தி மட்டும் இந்தப் பக்கம் திரும்பி நிற்கிறாள். என்னைப் பார்த்து.

பஞ்சாலை.

அவளுக்கு ஒரு படம்கூட இந்த வீட்டில் இல்லை என்று உனக்குத் தெரியும். கோயிலில் தாலி கட்டினோம், போட்டோ எடுக்க ஆள் வரவில்லை. அடையாள அட்டையில் இருந்த ஒரே படம், இறந்ததைப் பதியப் போன அன்று அட்டையோடு போய்விட்டது. மகள் மாதவிக்கு அப்போது இரண்டு வயது. இப்போது அவள் மகளுக்கே தையில் கல்யாணம். பந்தல் போடுவதற்கு முன் பூவாடைக்காரிக்குப் படைக்க வேண்டும். பூவோடும் பொட்டோடும் போன பெண்ணுக்குப் புதுச்சேலை வைத்துப் படைக்காமல் நம் வீட்டில் கல்யாணம் இல்லை. இதுவரை வெறும் செம்பு வைத்துத்தான் படைத்தோம். மாதவி இந்தத் தடவை போனில், “எல்லார் வீட்டுலயும் படம் இருக்குப்பா. அம்மா மூஞ்சி எப்படிப்பா இருக்கும்?” என்று கேட்டாள்.

காலையில் அம்மன் கோயிலில் கொடுத்த குங்குமம் சட்டைப் பையில் இருந்தது. தண்ணீர் தொட்டு வைத்தேன். அவ்வளவுதான்.

இனி சொல்வதைக் கவனமாகக் கேள். அதை அழிக்கக் கூடாது. பெண்ணின் பொட்டை எப்போது அழிப்பார்கள் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டினவன் நான் இன்னும் சாகவில்லை.

சன்னாசி


சுங்கை காடுட்
15 நவம்பர் 2024

மாமா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நேராகவே சொல்கிறேன். அது அக்கா இல்லை.

அது ஒரு சீனப் பெண். கோலாலம்பூர் பந்தயத் திடலில் எங்களுக்கு முன்னால் நின்றாள். காகிதத் தொப்பி காற்றில் பறந்து எங்கள் பக்கம் வந்தது. எடுக்கத் திரும்பினாள். வரைந்தவன் நான். எனக்குத் தெரியாதா?

அக்கா படத்திலேயே இல்லை. இருக்க முடியாது. என் பக்கத்தில் நின்றாள். நாங்கள் இருவரும் நின்ற இடத்திலிருந்து பார்த்ததுதான் படம்.

குதிரை எங்கே என்று கேட்டீர்கள். அதற்கும் பதில் அக்காதான். தோட்டத்துக் கடைக்காரர் பஸ் பிடித்து ஆள் சேர்த்தபோது, “ஒரு தடவ கூட்டிட்டுப் போடா தம்பி, இந்தக் காட்டைத் தவிர எதைக் கண்டேன்” என்று என்னிடம் கெஞ்சினாள். போய்ச் சேர்ந்தால் குதிரைகளை அவள் பார்க்கவே இல்லை. “இவனுங்க கழுத்தைப் பாருடா, தவிட்டுச் சட்டியக் கண்ட கோழி மாதிரி நீட்டுறானுங்க” என்று சிரித்தாள். “குதிரையப் பாருக்கா, ஓடுது” என்றேன். “குதிரை நாளைக்கும் ஓடும். இந்த மூஞ்சியெல்லாம் நாளைக்குக் கிடைக்குமா?” என்றாள். எனக்குப் பத்தொன்பது வயது. அன்றைக்கு நானும் குதிரையை விட்டுவிட்டு ஜனத்தைப் பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகு எத்தனையோ வரைந்தேன், அதை மட்டும் போன வருடம்தான் கை துணிந்தது.

கடைசிப் பந்தயத்தில் மழை வந்தது. நனைந்தோம். அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அதை நீங்கள் எப்படிச் சொன்னீர்கள் என்று எனக்கும் தெரியும். “இவன் கூட்டிட்டுப் போயி என் பொண்டாட்டியக் கொன்னுட்டான்.” காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் மொத்தத் தோட்டமும் கேட்க.

அதே மாதம் கீழ் லயத்து வீடுகளில் இரண்டு பேர் அதே காய்ச்சலில் போனார்கள். அவர்கள் எந்தப் பந்தயத்துக்குப் போனார்கள் மாமா? தண்ணீர்த் தொட்டியில்தான் கோளாறு என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரே சொன்னார்.

ஒரே ஒரு வரி எழுதுங்கள். பந்தயத்துக்குப் போனதால் அவள் சாகவில்லை என்று. ஹோட்டலுக்கு மறுத்துவிட்டுப் படத்தை உங்களுக்கே தருகிறேன்.

சுகுமாறன்


செலாசி தோட்டம்
20 நவம்பர் 2024

சுகுமாறனுக்கு,

வியாபாரம் பேசுகிறாய். நான் நம்பாத ஒன்றை எழுதிக் கொடுத்து அவளை வாங்கிக்கொள்ள மாட்டேன். டிரஸ்ஸர் சொன்னதை நானும் கேட்டேன். கீழ் லயத்து ஆட்கள் வயதானவர்கள். அவளுக்கு இருபத்து நாலு. வேண்டாம் என்று நான் சொன்ன பிறகு, நான் காட்டில் வேலைக்குப் போன நேரம் பார்த்து அவளை பஸ் ஏற்றினாய். காலையில் நடந்து போனவள் ராத்திரி நடுங்கிக்கொண்டு வந்தாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பள்ளிக்கூடம் போகாதவன், பத்திரிகையைப் பார்த்து எழுத்துப் பழகியவன். கண்ணால் கண்டதைத்தான் எழுதத் தெரியும்.

இனி அந்தச் சீனப் பெண் விஷயம்.

மேட்டுக் காட்டில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்களே, அப்போது நீ இங்கே இல்லை. அங்கே ஒரு கல் உண்டு. நிரை பிரிக்க என் அப்பா போட்ட கல். சும்மா எல்லைக் கல். ஒரு நாள் யாரோ பாம்பு கடித்துப் பிழைத்தவன் அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தான். அடுத்த வாரம் ஒரு எலுமிச்சம்பழம். ஆடியில் ஆடு வெட்டினோம். முனியாண்டி ஆகிவிட்டார். ரோடு போட வந்த புது மேனேஜர், “வெறும் கல்லுதானே மண்டோர், தள்ளிட்டுப் போலாம் லா” என்றார். “நேத்து வரைக்கும் கல்லுதான் துவான். பொட்டு வச்சாச்சு” என்றேன். ரோடு இன்றைக்கும் அந்த இடத்தில் வளைந்து போகிறது. வந்து பார்.

கல்லைக் கேட்டுக்கொண்டா பொட்டு வைத்தோம், நீ முன்னால் யாராக இருந்தாய் என்று? உன் படத்தில் நிற்பவள் அன்று வரைக்கும் சீனத்தியாகவே இருக்கட்டும். தொப்பியைத் தேடட்டும். பொட்டு வைத்த பிறகு அவள் பஞ்சாலை. உன் சம்மதம் அதற்குத் தேவையில்லை.

அழிக்காதே.

சன்னாசி


சுங்கை காடுட்
23 நவம்பர் 2024

மாமா,

வரும் வியாழன் சுத்தம் செய்யும் ஆள் வருகிறார். முகுந்தன் நேரம் சொல்லிவிட்டான். உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

சுமங்கலி, பூவாடைக்காரி என்று எழுதுகிறீர்கள். அக்கா போன அன்று பிறந்த வீட்டுக் கோடி கொண்டுவந்தது யார்? அப்பா அம்மா இல்லை, நான் ஒருவன்தான் பிறந்த வீடு. கடனுக்குச் சேலை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வாசலைத் தாண்ட விட்டீர்களா? சேலையைப் பிடுங்கி மண்ணில் எறிந்தீர்கள். தம்பி கொண்டுவந்த சேலை மேலே விழாமல் அவளைக் கொண்டுபோனீர்கள். பகாவ் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவியிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போனேன். என்ன நிறம் என்றுகூட யாரும் கேட்கவில்லை.

மாதவிக்கு நான் தாய்மாமன். அவள் காது குத்துக்கு, சடங்குக்கு, கல்யாணத்துக்கு என்று எதற்கும் என் மடியைத் தேடவில்லை. இப்போது என் படத்தை மட்டும் தேடுகிறீர்கள்.

இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். அந்தப் பெண் வேண்டாம். அக்காவையே தனியாக வரைந்து தருகிறேன். நெற்றி அகலமா, புருவம் எப்படி, மூக்குத்தி எந்தப் பக்கம், சிரித்தால் கன்னம் என்ன ஆகும், எல்லாம் எழுதுங்கள். எனக்கு நினைவில்லை. பல தடவை முயன்றேன், வேறு யாரோ வருகிறார்கள். அவளோடு குடித்தனம் நடத்தியவர் நீங்கள். உங்களுக்குத் தெரியும்.

சுகுமாறன்


செலாசி தோட்டம்
26 நவம்பர் 2024

சுகுமாறனுக்கு,

தபாலில் போட்டால் வியாழனுக்குள் வராது என்று கிராணியின் மகன் ஷங்கரிடம் கொடுத்துவிடுகிறேன். சுங்கை காடுட்டில்தான் அவனுக்கு வேலை.

சேலையை எறியவில்லை. திருப்பிக் கொடுத்தேன். நீ கையை நீட்டவில்லை, விழுந்தது.

நீ கேட்டதை எழுத உட்கார்ந்தேன். மூக்குத்தி இடது பக்கம். அது நான் செய்து போட்டது, அதனால் தெரியும். கை தெரியும். பால் வாளியைத் தூக்கும்போது தோள் ஒரு பக்கம் இறங்கும், அது தெரியும். தூரத்தில் நிரைக்குள் வரும்போதே நடையை வைத்து அவள்தான் என்று சொல்லிவிடுவேன். குரல் கேட்கிறது. முகத்துக்கு வந்தால் ஒன்றும் இல்லை. முதலில் மாதவியின் முகம் வருகிறது. அதை விலக்கினால் யார் யார் முகமோ வருகிறது. அதையும் விலக்கினால் ஒன்றும் இல்லை.

எத்தனை வருடமாக இப்படி என்று எனக்கே தெரியவில்லை. மாதவி கேட்டபோது ‘உன்ன மாதிரிதான்மா’ என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

உன் படத்தில் அத்தனை பேருக்கும் முகம் வைத்திருந்தால் நான் பொட்டு வைத்திருக்க மாட்டேன். முகம் இருந்தால் அது வேறு யாராவது ஆகிவிடும். அந்தப் பெண்ணுக்கு முகம் இல்லாததால்தான் எனக்கு அவளைத் தெரிந்தது.

வேறு படம் வேண்டாம்.

சன்னாசி


சுங்கை காடுட்
29 நவம்பர் 2024

மாமா,

ஷங்கர் புதன்கிழமையே கடிதத்தைக் கொடுத்துவிட்டான்.

வியாழக்கிழமை ஆள் வந்தார். பஞ்சு, ஒரு சின்னப் புட்டி, ஒரு பூதக்கண்ணாடி. “சின்ன வேலைதான், உட்காருங்க” என்றார். பஞ்சை நனைத்தார். அந்தப் பெண்ணின் நெற்றிக்குக் கிட்டக் கொண்டுபோனார். அப்பா செத்த அன்று அம்மாவுக்குச் செய்தது கண்ணில் வந்தது. ஆற்றங்கரையில் அம்மா நெற்றியைத் துடைத்தபோது அக்காதான் என் கண்ணைப் பொத்தினாள். நான் விரலிடுக்கு வழியாகப் பார்த்தேன்.

நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டேன். முகுந்தன் என்னைத் திட்டினான். “குங்குமம் லா சார், இதுக்குப் போயி” என்றான். ஹோட்டல்காரர்களுக்கு வேறு படம் தருவதாகச் சொல்லியிருக்கிறேன், கடற்கரைப் படம். அவர்களுக்கு அதுதான் பொருத்தம்.

சனிக்கிழமை முகுந்தனின் வேனில் படம் வரும். நீங்கள் எதுவும் எழுதித் தர வேண்டாம். நான் கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். சாம்பிராணிப் புகை நேராக அடிக்க வேண்டாம். வண்ணம் இன்னும் காயவில்லை, துணி போட்டு மூடாதீர்கள்.

கிட்ட நின்று பார்த்தால் தெரியாது. பின்னால் போய்ப் பாருங்கள்.

சுகுமாறன்


செலாசி தோட்டம்
8 டிசம்பர் 2024

மச்சான் சுகுமாறனுக்கு,

படம் வந்து சேர்ந்தது. கதவில் நுழையவில்லை. கதவைக் கழற்றி உள்ளே கொண்டுவந்தோம். அலமாரியை வெளியே போட்டுவிட்டு மேற்குச் சுவரில் மாட்டியிருக்கிறேன். இந்த வீட்டில் பின்னால் போய்ப் பார்க்க இடம் போதாது. அடுப்படிக்குள் நின்று பார்த்தால் சரியாக வருகிறது.

லயமே வந்து பார்த்துவிட்டுப் போனது. பக்கத்து வீட்டு நீலாவதி, “என்ன மண்டோரே, குதிரைப் பந்தயம்னு சொன்னீங்க, குதிரையக் காணோமே?” என்றாள். “குதிரை நாளைக்கும் ஓடும்” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. புரிய வேண்டியதில்லை.

நேற்று ஜொகூரிலிருந்து மாதவி வந்தாள். படத்துக்குக் கிட்டப் போனாள், முகம் சுருங்கியது. பின்னால் வந்தாள். நான் சொல்லாமலே அடுப்படி வரைக்கும் வந்தாள். பிறகு, “அம்மா நம்மளத்தான் பாக்குறாங்கப்பா” என்றாள். முகம் ஏன் இல்லை என்று கேட்கவில்லை. சீனப் பெண் விஷயத்தை நான் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

இது யார் வரைந்தது என்று கேட்டாள். உன் தாய்மாமன் என்றேன். “எனக்குத் தாய்மாமன் இருக்காரா?” என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. இன்று காலையில்தான் பேசினாள். உன் முகவரியைக் கேட்டாள்.

இன்னொன்று. பின்னால் நின்று பார்க்கும்போது படத்தில் மழை பெய்வது தெரிகிறது. முன்பு நான் கவனிக்கவில்லை. குடை வைத்திருப்பவர்கள் மேலும் பெய்கிறது, இல்லாதவர்கள் மேலும் பெய்கிறது. எல்லார் மேலும் ஒரே மழைதான் பெய்திருக்கிறது. நீ கேட்ட வரியை நான் எழுதிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பார்த்ததை எழுதினேன்.

தை பத்தாம் தேதி படையல். பூவாடைக்காரிக்குப் பிறந்த வீட்டுச் சேலை வைக்காமல் இலை போட முடியாது. அது உன் பக்கத்திலிருந்து வர வேண்டியது. இதுவரைக்கும் வரவில்லை. நிறத்தை நீயே பார்த்து எடு. தபாலில் அனுப்பாதே. கிராணி கையில் வந்தால் வாங்க மாட்டேன்.

கதவை நான் இன்னும் திரும்ப மாட்டவில்லை. வாசலில் நிற்காதே. நேராக உள்ளே வா.

சன்னாசி